மகமையும் டெண்டரும்

விருதுநகர் பஜாரில் காலையிலேயே வத்தல் நெடி தொண்டையைப் பிடிக்கிறது. மூடை இறக்குகிறவர்கள் துண்டால் மூக்கைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். மல்லி, உளுந்து, துவரை, பாசிப்பயறு, கடலை எண்ணெய் டின்கள் என்று தெரு நெடுகச் சரக்கு. இங்கே பேசி முடிக்கிற விலையை நாளிதழ்கள் ‘விருதுநகர் மார்க்கெட்’ என்று தனியாகப் போடுகின்றன. இத்தனைக்கும் இந்த ஊருக்கு வற்றாத ஆறு கிடையாது, துறைமுகம் கிடையாது. மானாவாரிக் கரிசலும் வெயிலும்தான் சொத்து.

நான் இங்கே வந்ததற்குக் கர்நாடகத்து மசோதா ஒன்று காரணம். அந்த மாநிலத்தில் அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களில் பட்டியல் சாதியினருக்கு 17.15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடும் ஒதுக்க 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. முதலில் 50 லட்சம் ரூபாய் வரையிலான வேலைகளுக்கு; பிறகு ஒரு கோடி வரை. பிற்படுத்தப்பட்டோரில் இரண்டு பிரிவுகளும் பின்னர் சேர்ந்தன. 2025 மார்ச்சில் வரம்பை இரண்டு கோடியாக்கி, முஸ்லிம்கள் அடங்கிய ‘2பி’ பிரிவுக்கு 4 விழுக்காடும் சேர்த்துச் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு ஒதுக்கிவைத்தார். நாடு முழுக்க விவாதம் எழுந்தது.

அந்த விவாதம் தமிழ்நாட்டுத் திண்ணைகளுக்கு வந்தபோது, நான் பல இடங்களில் கேட்ட பதில் ஒன்றுதான். “விருதுநகரைப் பாரு, சிவகாசியைப் பாரு. அவங்களுக்கு எவன் ஒதுக்கீடு குடுத்தான்?” அந்தப் பதிலை அது பிறந்த மண்ணிலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

பஜாரில் ஒரு பருப்புக் கமிஷன் மண்டி. கல்லாவில் இருந்த முதியவர் என்னை உட்காரச் சொல்லி, கலர் வாங்கிவரப் பையனை அனுப்பினார். ஒதுக்கீடு பற்றிக் கேட்டதும் நிமிர்ந்தார்.

“எங்க பாட்டனார் தலைச்சுமையா உப்பும் கருப்பட்டியும் கொண்டுபோயி வித்தவரு. கவர்மெண்டு எங்களுக்கு ஒத்த ரூவா குடுக்கலை. உழைச்சோம், வந்தோம். மத்தவங்களும் அப்படி வரட்டுமே?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வடக்கே வந்த நாடார்கள் விருதுப்பட்டி (இன்றைய விருதுநகர்), சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களில் கால் ஊன்றியபோது அவர்களை யாரும் கைநீட்டி வரவேற்கவில்லை. கோயில் வாசல்கள் மூடியிருந்தன. 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் அவர்கள் நுழைந்ததற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில் 1899 ஜூனில் சிவகாசி கொள்ளை. பல திசைகளிலிருந்து திரண்டுவந்த கூட்டம் ஊருக்குள் புகுந்து, வீடுகளை எரித்தது, உயிர்கள் போயின. அந்தச் சாம்பலிலிருந்து எழுந்தவர்கள் பெருமை பேசினால் அதற்கு முழு உரிமை உண்டு.

“எப்படி எழுந்தீங்க அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

அவர் கணக்குச் சொல்லுகிறவரைப் போல விரல் மடக்கினார். வண்டி மாடும் சரக்கும் இரவு பத்திரமாகத் தங்க ஊருக்கு ஊர் பேட்டை. சரக்கு விற்றால் மூடைக்கு இவ்வளவு என்று சாதிச் சங்கமான உறவின்முறைக்கு மகமை. மகமைப் பணத்தில் கிணறு, மடம், கோயில், பள்ளிக்கூடம். 1880-களில் தொடங்கிய சத்திரிய வித்யாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்தார்கள். காமராசர் படித்தது அங்கேதான். 1910-ல் நாடார் மகாஜன சங்கம். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான்.

“புதுசா கடை வைக்கிற பையன் வந்து நின்னா, பெரியவங்க ஒரு வார்த்தை சொல்லுவாங்க. நாங்க சரக்கை எடுத்துக் குடுத்துருவோம். ஜாமீன் கேட்டதில்ல. வித்துட்டுக் குடுன்னு அனுப்புவோம்.”

அவர் சாதாரணமாகச் சொன்ன அந்தச் செய்தியில் என் கேள்விக்குப் பாதி விடை இருந்தது. புதிதாக வந்த பையனுக்கு முதல் சரக்கும், அதை இறக்கிவைக்க இடமும், விற்று முடிக்கும் வரை தவணையும், ‘இவன் நம்ம பையன்’ என்ற சொல்லும் கிடைத்தன. அவன் உழைத்தது உண்மை. அந்த உழைப்பு வீணாகாமல் பார்த்துக்கொண்டது ஊர். அரசு கொடுக்க மறுத்ததை ஒரு சமூகம் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டது. பேட்டையும் மகமையும் வங்கியும் இல்லாத சமூகத்தைப் பார்த்து ‘நீங்களும் அப்படி வாங்க’ என்று சொல்வதில் இந்தப் பகுதி விடுபட்டுப் போகிறது.

*

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆமத்தூர் தாண்டினால் இருபுறமும் கருவேலங்காடு. நடுநடுவே வேப்பமரங்களுக்கு இடையில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள், முள்கம்பி வேலி, தீப்பெட்டி கொண்டுவரக் கூடாது என்ற பலகை. ஊர்க்காரர்கள் இவற்றைத் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. பயராபீஸ், தீப்பெட்டியாபீஸ். ‘ஆபீசுக்குப் போறேன்’ என்று சோற்றுவாளியோடு பெண்கள் வேனுக்குக் காத்து நிற்கிறார்கள்.

இந்தத் தொழிலின் கதை பலருக்குத் தெரியும். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு, 1923-ல் திரும்பி வந்தார்கள். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து பட்டாசு, லேபிள் அச்சடிக்கப்போய் அச்சுத்தொழில், காலண்டர், நோட்டு. இந்தியாவின் பட்டாசில் ஏறத்தாழ 90 விழுக்காடு இந்த வட்டாரத்தில் செய்வதுதான்.

அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று இதில் உண்டு. இந்தியச் சந்தையில் ஸ்வீடன் முதலீட்டில் வந்த ‘விம்கோ’வின் இயந்திரத் தீப்பெட்டியோடு சிவகாசிக் கைத்தீப்பெட்டி மோத வேண்டியிருந்தது. வெறும் போட்டியில் விட்டிருந்தால் கைத்தொழில் நசுங்கியிருக்கும். மத்திய அரசு இயந்திரத் தீப்பெட்டிக்கு ஒரு கலால் வரி, கையால் செய்வதற்கு அதைவிடக் குறைந்த வரி என்று வைத்தது. 1967-லிருந்து, சில பொருள்களைச் சிறுதொழில் மட்டுமே செய்யலாம் என்று ஒதுக்கிவைக்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அந்தப் பட்டியல் ஒரு காலத்தில் எண்ணூறு பொருள்களைத் தாண்டியது. பிறகு படிப்படியாகச் சுருங்கி, 2015 ஏப்ரலில் கடைசி 20 பொருள்களும் விடுவிக்கப்பட்டன. அந்த இருபதில் தீப்பெட்டி உண்டு, பட்டாசு உண்டு, நோட்டுப் புத்தகமும் உண்டு.

சிவகாசியின் இந்த மூன்று தொழில்களுக்கும் ஒதுக்கீடு இருந்தது. கடைசி வரை இருந்தது. பெரிய முதலாளி உள்ளே வரக் கூடாது என்று சட்டம் வேலி போட்டது. அந்த வேலிக்குள் வளர்ந்தவர்களின் திறமையை யாராவது குறைத்துப் பேசினார்களா? தரம் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னார்களா? வலிமை குறைந்தவன் நிலைத்து நிற்க அரசு இடம் விடுவது இந்த ஊருக்குப் புதிதே அல்ல. அன்று தொழிலின் அளவைப் பார்த்து இடம் விட்டார்கள். இன்று கேட்பது, சாதியால் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு இடம்.

*

திருத்தங்கல் 2021-ல் சிவகாசியோடு சேர்ந்து மாநகராட்சி ஆனது. அதன் பக்கத்துக் கிராமத்தில் ஓர் இளைஞரைச் சந்தித்தேன். டிப்ளமோ சிவில் படித்தவர், பட்டியல் சாதி. வாறுகால், சிமெண்ட் சாலை, பேவர் பிளாக் வேலைகளை எடுத்துச் செய்கிறார். எடுத்து என்றால், வேறொருவர் பெயரில் எடுத்த வேலையை இவர் செய்கிறார்.

“வேலை பூரா நான்தான் சார் பாக்குறேன். ஆள் என்னோட ஆள். மெஷர்மெண்டுக்கு நிக்கிறது நான். பில்லு மட்டும் அவரு பேர்ல பாஸ் ஆகும். எனக்குக் கூலியும் கொஞ்சம் மேல லாபமும்.”

“நேரா உங்க பேர்லயே டெண்டர் போடலாமே, தம்பி?”

அவர் வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் உறை நிறையத் தாள்களைக் கொண்டுவந்தார். ஒப்பந்ததாரராகப் பதிவு செய்யச் சால்வன்சி சான்று வேண்டும். அதற்குச் சொத்து மதிப்பு காட்ட வேண்டும். இவர் குடும்பத்துக்கு இருப்பது காலனியில் இலவச மனைப்பட்டா வீடு. அதை வைத்து எவ்வளவு மதிப்புக் காட்ட முடியும்? அதைத் தாண்டினால் முன்வைப்புத் தொகை. வேலை எடுத்தால் சிமெண்டுக்கும் ஜல்லிக்கும் கடையில் கடன் வேண்டும்; முதல் வேலைக்கு எந்தக் கடைக்காரரும் தர மாட்டார். பில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. முன்அனுபவம் கேட்கிற டெண்டருக்கு, செய்த வேலையெல்லாம் வேறொருவர் பெயரில் இருக்கிறது.

“எல்லாத்தையும் சரி பண்ணிட்டுப் போனா, ‘இந்த வாட்டி விட்டுக்குடுப்பா, எல்லாரும் பேசி முடிச்சுட்டோம்’ம்பாங்க. அந்தப் பேச்சுல நான் கிடையாது.”

அவருடைய நண்பர் ஒருவர் அரசுத் திட்டத்தில் கடன் வாங்கிப் பேவர் பிளாக் செய்யும் இயந்திரம் போட்டிருக்கிறார். 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு முதலீட்டு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் அந்த நண்பரின் நிலையை இவர் ஒரே மூச்சில் சொன்னார்: “மிஷின் வந்துருச்சு சார். ஆர்டர் வரலை. தவணை மட்டும் மாசாமாசம் வருது.”

பருப்பு மண்டி அண்ணாச்சி சொன்ன ‘முதல் சரக்கு’ இந்த இளைஞரைப் போன்றவர்களுக்கு எங்கிருந்து வரும்? உறவினர் யாரும் மண்டி வைத்திருக்கவில்லை. சொந்தச் சமூகத்தில் வாங்குகிறவர்களும் ஏழைகள். இவருடைய ஊரில், ஆண்டு முழுதும் வேலை கொடுக்கக்கூடிய ஒரே பெரிய வாடிக்கையாளர் உள்ளாட்சிதான். சாலை, வாறுகால், தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி, பள்ளிச் சுற்றுச்சுவர் எல்லாம் அதன் பணம். அந்தப் பணத்தில் இவருடைய மக்களின் வரியும் உண்டு; அவர்களுடைய காலனியைக் காட்டி வாங்கிய நிதியும் உண்டு. உள்ளாட்சி ஒப்பந்தத்தில் ஒரு பங்கை ஒதுக்குவது, மகமை திரட்ட வழியில்லாத சமூகங்களுக்கு ஊர்ப்பொதுவிலிருந்து எடுத்துவைக்கும் மகமை என்றே எனக்குப் படுகிறது.

ஒதுக்கீடு வந்தால் தரம் கெடும் என்ற பேச்சை அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “இப்பவும் அந்த ரோட்டை நான்தான் போடுறேன் சார். சலுகை விலை கேக்கலை. எங்க ஆளுகளுக்குள்ளயே டெண்டர் வைங்க, போட்டி போட்டே எடுக்கோம். உள்ள விட்டாப் போதும்.” கர்நாடகச் சட்டமும் இதைத்தான் செய்கிறது. ஒதுக்கிய வேலைக்கும் டெண்டர் உண்டு, பொறியாளரின் மதிப்பீடு உண்டு, தரச்சோதனை உண்டு. போட்டியிடும் வட்டம் மட்டுமே மாறுகிறது.

*

இந்த மாவட்டத்துக்குள்ளேயே இன்னொரு பாடம் இருக்கிறது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கொட்டக்கச்சியேந்தல் விருதுநகர் மாவட்டத்து ஊர். ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 முதல் 2006 வரை அங்கே முறையாகத் தேர்தல் நடத்தவே விடவில்லை. பத்து ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு பதவி கிடைத்தது. நாற்காலி ஒரு வழியாகக் கிடைத்த ஊர்களிலும், அந்த நாற்காலியில் இருப்பவர் கையெழுத்திடும் வேலை பழைய வீடுகளுக்கே போனால், ஊரின் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

உள்ளாட்சிக்கு இந்த நிலையை மாற்றும் சக்தி உண்டென்று இந்தச் சீமை முன்பே காட்டியிருக்கிறது. விருதுநகரும் சிவகாசியும் அன்று ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தன. அந்த ஜில்லா போர்டுக்குத் தலைவராக இருந்த சுயமரியாதை இயக்கத் தலைவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன், தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுக்கும் பஸ்களுக்கு உரிமம் கிடையாது என்று உத்தரவிட்டார். அவரும் நாடார். தன் சமூகம் பட்ட அவமானத்தை மறக்காத ஒருவர், உள்ளாட்சியின் உரிமம் கொடுக்கும் அதிகாரத்தை அடுத்தவரின் மானத்துக்காகப் பயன்படுத்தினார். பஸ் உரிமத்துக்குப் பொருந்திய நியாயம் சாலை ஒப்பந்தத்துக்கும் பொருந்தும்.

*

எதிர்ப்புகளில் ஒன்றை மட்டும் என்னால் எளிதாகத் தள்ள முடியவில்லை. அது பினாமி. சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டிஆர்ஓ லைசென்ஸ் என்று பட்டாசு உரிமங்களைச் சொல்வார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை வேறு பலருக்கு உள்குத்தகை விட்டு நடத்துவது பல வெடிவிபத்துகளுக்குப் பின் வெளியே வந்த செய்தி. பெயர் ஒருவருக்கு, லாபம் இன்னொருவருக்கு, சாவு மூன்றாமவருக்கு என்ற நிலையை இந்த மண் கண்ணீரோடு கண்டிருக்கிறது.

மலேசியாவும் இதைக் கண்டது. 1971-ன் புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பிறகு அங்கே சிறிய அரசு ஒப்பந்தங்கள் பூமிபுத்திராக்களுக்கு ஒதுக்கப்பட்டன. மலாய்க்காரர் பெயரில் ஒப்பந்தம், சீன முதலாளியின் பணமும் வேலையும் என்ற ஏற்பாட்டுக்கு ‘அலி பாபா’ என்றே பெயர் விழுந்தது. தோட்டங்களில் ரப்பர் பால் எடுத்த தமிழர்கள் ஏழைகளாக இருந்தும் அந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே நின்றார்கள். யாருக்கு ஒதுக்குகிறோம் என்பதை வறுமையோடும் விலக்கத்தோடும் சேர்த்துப் பார்க்காவிட்டால் ஒதுக்கீடே இன்னொரு விலக்கமாகும் என்பதற்கு நம் சொந்தங்களே சாட்சி.

அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரத்துக் கதை வேறொன்றைக் கற்றுத்தருகிறது. அந்த நகர மக்களில் அன்று பாதிப்பேர் கறுப்பினத்தவர். நகராட்சியின் நேரடி ஒப்பந்தங்களில் சிறுபான்மையோர் நிறுவனங்களுக்குக் கிடைத்தது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. 1983-ல் நகர மன்றம், ஒப்பந்தம் எடுப்பவர் அதன் மதிப்பில் 30 விழுக்காட்டைச் சிறுபான்மையோர் நிறுவனங்களுக்கு உள்ஒப்பந்தமாகத் தர வேண்டும் என்றது. 1989-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இந்த நகரத்தில், இந்தத் தொழிலில், பாகுபாடு நடந்ததற்குக் குறிப்பான ஆதாரம் எங்கே என்று கேட்டது. அதற்குப் பிறகு பல அமெரிக்க நகரங்கள் யாருக்கு எவ்வளவு ஒப்பந்தம் போகிறது என்று முறையாகக் கணக்கெடுக்கத் தொடங்கின.

கர்நாடக மசோதாவின் ‘2பி’ பிரிவால் எழுந்த, முஸ்லிம்கள் பற்றிய சர்ச்சைக்கும் கணக்கே நேர்மையான விடை. மதத்துக்காக ஒதுக்குவதும், சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய முஸ்லிம் பிரிவுகளுக்குப் பிற்படுத்தப்பட்டோர் என்ற முறையில் ஒதுக்குவதும் ஒன்றாகிவிடாது. தமிழ்நாடு 2007-ல் கல்வியிலும் வேலையிலும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கொடுத்தது. 2009-ல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு கொடுத்தது. பின்தங்கியவர்களுக்குள்ளும் மிகவும் பின்தங்கியவரைத் தேடிப் போகிற பழக்கம் நம்மிடம் உண்டு. ஒப்பந்தத்திலும் அதே அளவுகோலை வைக்கலாம்.

விழுக்காட்டை எழுதிவைத்தால் மட்டும் எதுவும் நடக்காது என்பதற்கு மத்திய அரசின் அனுபவம் போதும். 2012-ல் நடைமுறைக்கு வந்த கொள்முதல் ஆணையின்படி மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரின் சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். ஆண்டுகள் பல கழிந்தும் அந்தச் சின்ன எண் எட்டப்படாமலே இருந்தது. அலுவலகம் தேடினால் ஆள் கிடைக்கவில்லை என்கிறது. ஆளைக் கேட்டால் வாசலே தெரியவில்லை என்கிறார்.

எனவே தமிழ்நாட்டில் இது வருமானால் முழுதாக வர வேண்டும். ஒவ்வொரு ஊராட்சி ஒன்றியமும் நகராட்சியும் மாநகராட்சியும் கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்தப் பிரிவினருக்கு எத்தனை வேலை, எவ்வளவு ரூபாய் என்று பெயர் சொல்லாமல் கணக்கு வெளியிடட்டும். சிறிய வேலைகளில் ஒரு பங்கை ஒதுக்கட்டும். ஒதுக்கிய வேலைக்கு முன்வைப்புத் தொகையும் சால்வன்சியும் தளரட்டும். அந்த ஜாமீனைத் தாட்கோ போன்ற அரசு நிறுவனம் ஏற்கட்டும். பில் குறித்த நாளுக்குள் வராவிட்டால் வட்டி சேரட்டும். முதல் வேலையை முடித்தவருக்கு அவர் பெயரிலேயே அனுபவச் சான்று கிடைக்கட்டும். வேலையிடத்தில் நிற்பது யார், வங்கிக் கணக்கில் பணம் எடுப்பது யார் என்று தணிக்கை பார்க்கட்டும். பினாமி பிடிபட்டால் பெயர் கொடுத்தவரைவிடப் பின்னால் நின்றவருக்குத் தண்டனை கூடட்டும். சில வேலைகளைச் செய்து பொதுப்போட்டிக்குத் தகுதி பெற்றவர் அடுத்தவருக்கு வழிவிடட்டும்.

திரும்புகிற வழியில் பருப்பு மண்டி அண்ணாச்சியிடம் அந்த இளைஞரைப் பற்றிச் சொன்னேன். ஊர், பேர் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். “வேலை தெரிஞ்ச பையன், கைமுதல் இல்லேங்குறீங்க. எங்க ஆளா இருந்தா ஒரு வார்த்தை சொல்லி எடுத்துவிட்டிருப்போம்” என்றார்.

அதே வார்த்தையைத்தான் அரசு சொல்ல வேண்டும் என்கிறேன். ‘எங்க ஆள்’ என்று சொல்ல ஒரு சமூகத்துக்கு அதன் உறவின்முறை போதும். அரசின் உறவின்முறை குடிமக்கள் எல்லோரும். 1899-ல் எரிந்த ஊர் தன் சொந்தக் கையால் எழுந்தது பெருமைக்குரியது. இன்னொரு சமூகமும் அதேபோல் தன்னந்தனியாக எரிந்து எழட்டும் என்று காத்திருப்பது ஓர் அரசுக்கு அழகல்ல. விருதுநகரும் சிவகாசியும் ஒப்பந்த ஒதுக்கீட்டுக்கு எதிரான சாட்சிகள் அல்ல. அதற்கு ஆதரவாக இவற்றைவிட நல்ல சாட்சிகள் தமிழ்நாட்டில் கிடையாது.